மேடை இசை நாடகம் படமாகும்போது: பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் ஆங்கில இசை நாடகங்களுக்கு எப்போதும் ஒரு கூட்டம் உண்டு. ஊட்டி, குன்னூர் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றில் ஆண்டு விழா வந்தால் ஒரு மியூசிக்கல் மேடையேறும். மேடையில் பிள்ளை பாடியதைப் பார்த்த அப்பா அம்மா, அதே கதை படமாக இருந்தால் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள். கோத்தகிரியில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து அப்படிப் படங்கள் போட்டுப் பார்ப்போம். முடிந்ததும் டீ, வர்க்கி, பேச்சு. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் படத்தைத் தொடாமல் அதைச் சுற்றியே போய்விடுகிறது. "பாட்டு குறைச்சுட்டாங்க", "மேடையில இன்னும் நல்லா இருக்கும்", "சொந்தக் குரலே இல்லையாமே" என்று நாலு வார்த்தை, அப்புறம் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். மேடையில் ஒரு பாட்டு செய்த வேலையைப் படத்தில் எது செய்கிறது? பாட்டேவா, கேமராவா, வசனமா, இல்லை யாருமே செய்யவில்லையா? இதைக் கேட்காமல் சொல்லும் கருத்து எங்கெல்லாம் தடுமாறுகிறது என்று பார்க்கலாம். எல்லோரும் பார்த்த படம் என்பதால் பெரும்பாலும் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கை வைத்தே சொல்கிறேன். மேடைக்கு வந்தது 1959, படம் 1965. கன்னியாஸ்திரியாக மடத்தில் சேர்ந்த மரியா, மனைவியை இழந்த ஆஸ்திரியக் கேப்டன் டிராப்பின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து, கடைசியில் அவரையே மணக்கிறாள்; பிறகு குடும்பமே நாஜிகளிடமிருந்து தப்பி ஓடுகிறது. கேப்டன் முதலில் மணக்க இருந்த பெண் எல்சா, அவர்களின் நண்பர் மேக்ஸ்.

பார்க்காத மேடையை உயர்த்துவது

முதல் தவறு இதுதான். நியூயார்க்கிலோ லண்டனிலோ அந்த நாடகத்தை நேரில் பார்த்தவர் நம்மில் அபூர்வம். நமக்குத் தெரிந்த 'மேடை' என்பது பெரும்பாலும் பள்ளி ஆண்டு விழா. பள்ளிகளுக்கென்றே ஒரு மணி நேர அளவுக்குச் சுருக்கிய பதிப்புகள் உரிமத்தோடு கிடைக்கின்றன. பிள்ளைகளின் குரலுக்கு ஏற்றபடி சுருதி மாற்றி, காட்சிகளை வெட்டி, கூட்டமாகப் பாட இடம் கொடுத்து எழுதியவை. அதைப் பார்த்துவிட்டுப் படத்தில் எது கூடியது, எது குறைந்தது என்று கணக்குப் போட்டால், ஒரு சுருக்கத்தை மூலம் என்று எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

இன்னொரு குழப்பமும் இதோடு சேர்ந்தே வருகிறது. 2020-ல் வெளியான 'ஹாமில்டன்' மேடையிலிருந்து திரைக்குத் தழுவிய படம் இல்லை. 2016-ல் அரங்கில் நடந்த நாடகத்தையே பல கேமராக்கள் வைத்துப் பதிவு செய்தது. அதையும் தழுவலையும் ஒரே தராசில் வைத்து "பார், இதில் ஒன்றையும் வெட்டவில்லை" என்று சொல்வது பொருந்தாது.

மலைக்குப் போகும் பாராட்டு

மலைக்காரர்களான நாம் எளிதில் செய்கிற தவறு இது. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' தொடக்கத்தில் ஹெலிகாப்டர் மலைகளைத் தாண்டி வந்து, புல்வெளியில் சுற்றிப் பாடும் மரியாவிடம் இறங்குகிறது. நம் ஷூட்டிங் மட்டத்துப் புல்மேடு மாதிரியே இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அதோடு படம் 'சூப்பர்' ஆகிவிடும். (அந்தக் காட்சி எடுத்த இடம் ஆஸ்திரியா எல்லையை ஒட்டிய ஜெர்மானிய மலைச்சரிவு. ஒவ்வொரு டேக்கிலும் ஹெலிகாப்டர் திரும்பும்போது அடித்த காற்றில் கீழே விழுந்ததாக ஜூலி ஆண்ட்ரூஸ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.)

அந்தக் காட்சியைப் பாராட்டக் கூடாது என்று சொல்லவில்லை. தாராளமாகப் பாராட்டுங்கள். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேடையில் மலை என்பது வரைந்த திரைச்சீலை. மரியா மலையைப் பற்றிப் பாடலாம், மலையைக் காட்ட முடியாது. இந்தப் பெண்ணை மடத்துச் சுவருக்குள் ஏன் அடக்க முடியவில்லை என்பதைப் படம் வசனம் எதுவும் இல்லாமல் முதல் சில நிமிடங்களிலேயே சொல்லிவிடுகிறது. 'அழகாக இருந்தது' என்பதைவிட இது உருப்படியான கருத்து.

இதே மலை கடைசியில் இன்னொரு சர்ச்சையைக் கிளப்பும். நிஜ டிராப் குடும்பம் 1938-ல் மலையேறித் தப்பிக்கவில்லை, ரயிலேறி இத்தாலிக்குப் போனது. சால்ஸ்பர்க்கிலிருந்து அந்த மலையைத் தாண்டினால் எந்த நாட்டுக்குப் பயந்து ஓடுகிறார்களோ அந்த ஜெர்மனிக்கே போய்ச் சேருவார்கள். கூடலூர் பக்கம் இறங்கிவிட்டு மேட்டுப்பாளையத்தைத் தேடுகிற கதைதான். உண்மைதான். ஆனால் இதைப் படத்தின் தலையில் கட்டுவது சரியில்லை, மேடை நாடகத்திலேயே குடும்பம் மலை வழியாகத்தான் போகிறது. மரியாவும் கேப்டனும் நிஜத்தில் மணந்தது 1927. அந்தப் பதினோரு ஆண்டுகளைச் சுருக்கியதும் மேடைக்கு எழுதியவர்கள்தான். குறை சொல்லும் முன்பு, அது யார் செய்த மாற்றம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாட்டை எண்ணுவது

அதிகம் கேட்கும் குறை, "மூணு பாட்டைத் தூக்கிட்டாங்க". ஆமாம், தூக்கினார்கள். புதிதாக இரண்டையும் சேர்த்தார்கள். பாட்டெழுதிய ஹாமர்ஸ்டைன் 1960-லேயே இறந்துவிட்டதால், அந்த இரண்டுக்கும் வரிகளையும் இசையமைப்பாளர் ராட்ஜர்ஸே எழுதினார். எண்ணிக்கை இதுதான். எண்ணிக்கையோடு பேச்சை நிறுத்துவதுதான் தவறு.

எங்கள் கூட்டத்தில் ஒருமுறை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வெட்டிய பாட்டுகளின் பட்டியலைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "பாட்டு கிடக்கட்டுங்க சார், கேப்டன் அந்த எல்சாவ ஏன் விட்டுட்டார்? அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டார். அன்றைக்கு வந்ததிலேயே கூர்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் பதில் அந்த வெட்டிய பாட்டுகளில்தான் இருக்கிறது.

மேடையில் எல்சாவும் மேக்ஸும் சேர்ந்து பாடும் பாட்டுகள் இரண்டு உண்டு. அதில் இரண்டாவதில், ஜெர்மன்காரர்கள் வரப்போகிறார்கள், தடுக்க முடியாது, அனுசரித்துப் போய்விடலாம் என்று இருவரும் கேப்டனிடம் வாதாடுகிறார்கள். கேப்டனால் அதை ஏற்க முடியவில்லை. கல்யாணப் பேச்சு அங்கே முறிகிறது. அதாவது மேடையில் அவர்கள் பிரிவது அரசியலால். படத்தில் அந்த இரண்டு பாட்டும் இல்லாததால், கேப்டன் மனம் மரியாவிடம் போய்விட்டதை எல்சாவே புரிந்துகொண்டு விலகுகிறாள். பிரிவுக்குக் காரணம் காதல். படத்தின் எல்சா நம் இரக்கத்தைச் சம்பாதிக்கிறாள், மேடையின் எல்சா நம்மை யோசிக்க வைக்கிறாள். நாஜிகளின் நிழல் படத்தின் பின்பாதிக்குள் கொஞ்சம் தாமதமாகவே விழுகிறது. என் கருத்தில் இது ஒரு இழப்பு. ஆனால் இழந்தது அந்தச் சண்டை. இரண்டு மெட்டுகள் போனதை என்னால் தாங்கிக்கொள்ள முடியும்.

இடம் மாறிய பாட்டுகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பிடித்த பொருள்களை அடுக்கிக்கொண்டே போகும் அந்தப் பாட்டை மேடையில் மரியாவும் மடத்துத் தலைவியும் மடத்திலேயே பாடிவிடுகிறார்கள். இடி இடிக்கும் இரவில் பிள்ளைகள் பயந்து ஓடிவரும்போது வருவது ஆட்டிடையன் பாட்டு. படம் இதை மாற்றியது. இடி இரவுக்குப் பிடித்த பொருள்கள் பாட்டு வந்தது, ஆட்டிடையன் பாட்டு பொம்மலாட்டத்துக்குப் போனது. ஐப்பசி மழையில் கரண்ட் போன வீட்டில் பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்கும் யாருக்கும் இந்த மாற்றம் ஏன் சரி என்று விளக்கவே வேண்டாம். பயத்தை மறக்கப் பிடித்ததை நினைத்துக்கொள் என்கிற பாட்டுக்கு, பயம் கண்முன்னே நிற்கிற இடம் கிடைத்துவிட்டது.

'எடெல்வைஸ்' பாட்டும் அப்படி. அது பழைய ஆஸ்திரிய நாட்டுப்பாடல் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். இல்லை, இந்த மேடை நாடகத்துக்காகவே எழுதியது, ஹாமர்ஸ்டைன் எழுதிய கடைசிப் பாட்டு. மேடையில் கேப்டன் அதைக் கடைசி இசை விழாவில் மட்டும் பாடுவார். படத்தில் அதற்கு முன்பே ஒருமுறை, வீட்டில், கிதாரோடு பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுகிறார். அதனால்தான் விழாவில் அவர் குரல் அடைக்கும்போது நமக்கும் அடைக்கிறது. அதற்குள் அந்தப் பாட்டு நமக்கும் வீட்டுப் பாட்டாகிவிட்டிருக்கிறது.

பாட்டு வந்தால் எழுந்து போவது

நம் தியேட்டர்களில் பாட்டு வந்தால் சிலர் வெளியே போய் ஒரு டீ அடித்துவிட்டு வருவார்கள். கதை நகராது என்ற நம்பிக்கை. இசை நாடகப் படத்தில் அப்படிப் போனால் கதையே போய்விடும். 'டோ-ரே-மி' மேடையில் வீட்டுக் கூடத்தில், மரியா பிள்ளைகளைச் சந்தித்த கையோடு வருகிறது. படத்தில் அது மலைப் புல்வெளியில் தொடங்கி, ஊரெல்லாம் சுற்றி, பல நாட்களைக் கடக்கிறது. தொடங்கும்போது பாடவே தெரியாத பிள்ளைகள், முடியும்போது ஆளுக்கொரு குரலாகப் பிரிந்து பாடுகிறார்கள். கேப்டன் ஊரில் இல்லாத நாட்களில் வீடு எப்படி மாறியது என்பதைச் சொல்லும் காட்சி அந்தப் பாட்டு மட்டும்தான்.

"திடீர்னு பாட ஆரம்பிச்சா ஒட்டலையே" என்பவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இது நமக்கு வெளியிலிருந்து வந்த வழக்கமே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களில் பாட்டுதான் பேச்சு. 1934-ல் வந்த 'பவளக்கொடி' மேடையில் ஓடிக்கொண்டிருந்த நாடகம். அதில் நடித்த தியாகராஜ பாகவதரையும் எஸ்.டி.சுப்புலட்சுமியையுமே வைத்து கே.சுப்ரமணியம் படமாக எடுத்தார். பாட்டுகள் ஐம்பது. பாட்டுக்காகத்தான் ஜனம் டிக்கெட் எடுத்தது. மேடை இசை நாடகம் சினிமாவாக மாறுவதைப் பற்றிக் கருத்துச் சொல்ல நம்மைவிடத் தகுதியான ரசிகர்கள் குறைவு என்றுதான் நான் நம்புகிறேன்.

குரலைப் பற்றிய தீர்ப்பு

'மை ஃபேர் லேடி' பார்த்தவர்களுக்கு, ஆட்ரி ஹெப்பர்னுக்குப் பெரும்பாலான பாட்டுகளில் குரல் கொடுத்தது மார்னி நிக்சன் என்று தெரிந்ததும் ஒரு ஏமாற்றம் வருகிறது. டி.எம்.எஸ். குரலில் சிவாஜியை ரசித்தவர்கள் நாம். நமக்கு ஏன் இந்த ஏமாற்றம்? பின்னணிக் குரல் என்பதாலேயே குறை என்று சொல்ல முடியாது. குரலும் முகமும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதே படத்தில் ரெக்ஸ் ஹாரிசன் தன் பாட்டுகளை முன்பே பதிவு செய்ய மறுத்து, டைக்குள் ஒயர்லெஸ் மைக்கை ஒளித்துவைத்து, கேமரா முன்னாலேயே பாடினார். ஒரே காட்சியில் ஒருவர் அந்த இடத்தில் பாட, இன்னொருவர் உதடு அசைக்கிறார். ஹெப்பர்ன் கொஞ்சம் கண்ணாடிக்குள் இருப்பது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஷூட்டிங் மட்டத்திலோ பைக்காராவிலோ பாட்டு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். ஸ்பீக்கரில் 'நாக்ரா' (முன்பே பதிவு செய்த பாட்டு) ஓடும், இரண்டு வரி வரும், நடிகர் உதடு அசைப்பார், கட். திரும்ப அதே இரண்டு வரி. ஸ்டூடியோவில் என்றைக்கோ முடிவான உணர்ச்சிக்குள் நடிகர் இங்கே வந்து நுழைகிறார், அவ்வளவுதான். 2012-ன் 'லே மிசராப்ல்' இதைத் திருப்பிப் போட்டது. நடிகர்கள் காதுக்குள் மறைத்த கருவியில் பியானோ மட்டும் கேட்டது, அவர்கள் செட்டிலேயே பாடினார்கள், பியானோக்காரர் அவர்களைப் பின்தொடர்ந்தார், ஆர்கெஸ்ட்ரா அப்புறம் சேர்ந்தது. ஆன் ஹாத்வேயின் பாட்டில் மூச்சு தடுமாறுகிறது, சுருதி உடைகிறது. மேடைப் பாடகர்களின் ஆல்பத்தைக் கேட்டுப் பழகியவர்கள் "சரியாப் பாடல" என்றார்கள். முகத்துக்கு அவ்வளவு நெருக்கமாக ஒரு கேமரா இருக்கும்போது, கடைசி வரிசைக்கும் எட்டும்படி முழங்கினால் அழும் பெண்ணாக நம்ப முடியாது. மாறாக, அதே படத்தில் ரஸ்ஸல் குரோவின் குரல் பாத்திரத்தின் கம்பீரத்துக்குப் போதவில்லை என்றால் அது நியாயமான குறை. நானும் அதை ஒப்புக்கொள்வேன்.

அடுத்தவர் கருத்தைத் தன் கருத்தாகச் சொல்வது

2019-ல் 'கேட்ஸ்' முன்னோட்டம் வந்த அன்றே, படம் வருவதற்கு மாதங்களுக்கு முன்பே, நடிகர்கள் மேல் கணினி ஒட்டிய பூனை ரோமத்தைப் பார்த்துக் கேலி தொடங்கிவிட்டது. பார்த்தவர்களும் அந்தக் கேலியையே திருப்பிச் சொன்னார்கள். அந்தப் படம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் என் காரணம் பூனை ரோமம் இல்லை. மேடையில் மனித உடல் பூனையாக வளைவதுதான் அதிசயம், படத்தில் கணினி அந்த உடலை மூடிவிட்டது. இன்னொன்று, படம் வெளியான சில நாட்களிலேயே காட்சி நுட்பங்களைத் திருத்தி வேறு பிரதியைத் தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள். முதல் நாள் பார்த்தவரும் அப்புறம் பார்த்தவரும் சண்டை போடும் முன்பு, இருவரும் பார்த்தது ஒரே பிரதியா என்று கேட்டுக்கொள்ளலாம்.

பாதியைப் பார்த்துவிட்டு முழுசுக்கும் தீர்ப்புச் சொல்வதும் உண்டு. 'விக்கெட்' முதல் படம், 2024, மேடையில் இடைவேளை விழும் இடத்தில் முடிகிறது. இடைவேளையோடு சேர்த்து முழு நாடகமும் எடுக்கும் நேரத்தை அந்தப் பாதி மட்டுமே எடுத்துக்கொண்டது. இழுவை என்று சொல்லலாம், ஆனால் எந்தக் காட்சி இழுக்கிறது என்று சொல்ல வேண்டும். கதை முடியவில்லை என்று சொல்ல, 2025-ன் இரண்டாம் படத்தையும் பார்த்திருக்க வேண்டும்.

மேடைப் பதிப்பைக் கேட்காமலே பேசுகிறோமே என்ற உறுத்தல் இருந்தால், அதற்கு வழி இருக்கிறது. மேரி மார்ட்டின் மரியாவாகப் பாடிய 1959 மேடைக் குழுவின் ஒலிப்பதிவு இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. படத்தில் இல்லாத மூன்று பாட்டுகளும் அதில் இருக்கின்றன. முதலில் எல்சா, மேக்ஸ், கேப்டன் மூவரும் வாதாடும் பாட்டைக் கேளுங்கள். பிறகு படத்தில் எல்சா விடைபெறும் மாடிக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் வேலையும் அதுதான், அந்த அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குவதாக இருக்கிறோம்.