மிரிஸ்ஸவில் நீலத்திமிங்கிலம் பார்க்கப் போகிறீர்களா? படகை இப்படித் தேர்ந்தெடுங்கள்

இலங்கையின் தென்கரையில் இருக்கும் மிரிஸ்ஸவுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் சரியான காலம். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அங்கே கடல் கொந்தளிக்கும், அப்போது திருகோணமலைப் பக்கம் போவதே நல்லது.

பணம் கட்டுவதற்கு முன் படகுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "திமிங்கிலத்துக்கு எவ்வளவு கிட்டப் போவீங்க?" ரொம்பப் பக்கத்தில் காட்டுகிறேன் என்று பெருமையாகச் சொன்னால் வேறு படகு பாருங்கள். 100 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. கண்டிப்பாகக் காட்டுவோம் என்று சத்தியம் செய்கிறவரும் வேண்டாம், அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் துரத்துவார்கள்.

நல்ல படகோட்டி, திமிங்கிலத்தின் மூச்சுக்காற்று பீறிடுவது தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில், அது போகும் திசையிலேயே மெதுவாகப் போவார். முன்னால் போய் மறிக்க மாட்டார், பின்னாலிருந்து விரட்டவும் மாட்டார். நீலத்திமிங்கிலம் சில தடவை மூச்சுவிட்டு மூழ்கினால் மறுபடி மேலே வரப் பத்து நிமிடம் போல ஆகும், காத்திருங்கள். அது இரை தேடி வந்த இடம் அது. நிம்மதியாக மூச்சுக்கூட வாங்க விடாமல் படகுகள் சூழ்வதைப் பார்க்க மனசு பொறுக்காது. ஏற்கெனவே நாலைந்து படகுகள் நின்றால் நம் படகு விலகியே இருக்கட்டும்.

எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா பாருங்கள். அப்புறம், "இன்னும் கிட்டப் போங்கண்ணே" என்று நாமே நச்சரிக்கக் கூடாது. தள்ளி நின்றவருக்கு நன்றி சொல்லி, ரிவ்யூவில் அதையே பாராட்டி எழுதுங்கள்.