எங்கள் விவசாய அமைப்பின் ஒதுக்கு நிதியைச் சரிசெய்த விதம்

மட்டக்களப்புப் படுவான்கரையில் விதைநெல்லும் லேண்ட்மாஸ்டரும் (இரு சக்கர உழவு இயந்திரம்) கொடுத்து உதவும், லாப நோக்கமில்லாத சிறிய அமைப்பொன்றுக்கு நான் பொருளாளர். 2022இல் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் 360ஐத் தொட்டபோது, வங்கியில் இருந்த எங்கள் பணம் குறையவில்லை. அதைக்கொண்டு வாங்கக்கூடிய உதிரிப்பாகங்கள்தான் குறைந்துபோயின.

முதல் வேலையாக, 'மொத்த இருப்பு' என்ற ஒற்றை வரியைப் பிரித்தேன். அதில் பெரும்பகுதி, கொடையாளர்கள் குறிப்பிட்ட வேலைக்கென்றே தந்தது. அதை எடுத்துச் சம்பளம் கொடுக்க முடியாது. கழித்து மிஞ்சியதைக் கூட்டத்தில் வெண்பலகையில் எழுதியதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் ஒதுக்கு நிதிக்கு, அதாவது அவசரத்துக்கென எடுத்துவைக்கும் பணத்துக்கு, இலக்கு வைத்தோம்: ஆறு மாத நிலையான செலவு. அதை ஒவ்வொரு தை மாதமும் அன்றைய விலையில் புதிதாகக் கணக்கிடுகிறோம். உழவு வாடகையில் ஒரு பங்கு, அடுத்த இயந்திரம் வாங்கத் தனிக் கணக்குக்குப் போகிறது.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் விதைநெல்லில்தான். இப்போது பணம் வாங்குவதில்லை. ஒரு மூட்டை எடுத்தவர் அறுவடை முடிந்ததும் ஒன்றேகால் மூட்டை நெல்லாகத் தருகிறார். ஈரம் பார்த்து, பதர் தூற்றித்தான் எடுப்போம். விலை எப்படி ஏறினாலும் அடுத்த போகத்துக்கு விதை களஞ்சியத்தில் இருக்கும்.

நிலையான வைப்பையும் பிரித்துப் போட்டோம்; ஒன்று பெரும்போக விதைப்புக்கு முன், புரட்டாசியில் முதிரும். ஒதுக்கு நிதியில் கை வைப்பதானால், எந்தப் போகத்துக்குள் திருப்பி வைப்போம் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுத வேண்டும்.