நூலகப் பட்டத்தோடு கடலோரப் பள்ளிக்கு வருவோர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம்

நூலக அறிவியலில் பட்டம் பெற்று, தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள கடலோரப் பள்ளி ஒன்றில் நூலகராகச் சேர்பவர், தம் படிப்பு எதைக் கற்றுத்தந்தது, எதை விட்டுவிட்டது என்பதை முதல் வாரத்திலேயே பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. நூல் சேர்க்கைப் பதிவேடு, நூலைப் பொருள்வாரியாக அடுக்க உதவும் பகுப்பெண், பட்டியல், நூலக நிர்வாகத்துக்கான கோஹா மென்பொருள் ஆகியவற்றைப் படிப்பு நன்றாகவே கற்பிக்கிறது. பிள்ளை கேட்கும் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்டு, அதற்குரிய நூலை எடுத்துத்தரும் பழக்கத்தைப் பெரும்பாலும் பணியில்தான் பெற வேண்டியிருக்கிறது.

மண்டபம் பக்கத்து எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "கடல் அட்டை பிடிச்சா ஏன் சார் கேஸ் போடுறாங்க?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில், கடலடியில் வாழும் அந்த உயிரினம் 593இலும், மீன்பிடித் தொழில் 639இலும், சட்டம் 340களிலும் வெவ்வேறு அடுக்குகளில் கிடக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையில் கடல் அட்டை 2001இல் சேர்க்கப்பட்டது என்ற விடையோ அம்மூன்று அடுக்குகளிலும் இல்லாமல் போகலாம். ஆகவே செய்தித்தாள் நறுக்குகளையும், 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, அதன் 21 தீவுகள் பற்றிய எளிய குறிப்புகளையும் சேர்த்து ஒரு கோப்பு தொடங்குங்கள். யார் வீட்டில் வழக்கு என்று மட்டும் அவனிடம் கேட்டுவிடாதீர்கள்; இந்த நாகரிகத்துக்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் கிடையாது.

அடுத்து, பாட ஆசிரியர்களிடம் பருவத்துக்கான பாடத்திட்டத்தை வாங்கி, ஒவ்வொரு பாடத்துக்கும் பொருந்தும் இரண்டு மூன்று நூல்களைக் குறித்துக்கொடுங்கள். நூலகத்தைக் கூடுதல் பொறுப்பாக ஏற்ற ஆசிரியருக்கு நிலைமை இதற்கு நேர்மாறு: பிள்ளைகளை அவருக்குத் தெரியும், பதிவேடுதான் புதிது. அந்தக் குறையை அருகிலுள்ள கிளை நூலகரிடம் கேட்டே தீர்த்துக்கொள்ளலாம். என் கணிப்பில் அந்த ஆசிரியருக்கே வேலை எளிது.

நூல்கள் பயன்பாட்டிற்கே என்ற, நூலக அறிவியல் அறிஞர் இரங்கநாதனின் 1931ஆம் ஆண்டு முதல் விதியைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவர்களும், நூல் தொலைந்தால் தம் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற அச்சத்தில் பீரோவைப் பூட்டியே வைத்திருப்பதுண்டு. எந்த அளவு இழப்பை எப்படிக் கணக்கிலிருந்து நீக்கலாம் என்பதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் பெற்றபின் பீரோவைத் திறந்துவையுங்கள். உப்புக் காற்றில் இரும்பு பீரோ துருப்பிடிக்கும். துருக்கறை நூலட்டையில் ஏறாதிருக்க அடித்தட்டில் பலகை போட்டு, ஐப்பசி மழைக்கு முன் நூல்களை விரித்து, தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிப்பதால், கோடை விடுமுறையில் பல வீடுகளில் தந்தையரும் கரையில் இருப்பார்கள். கடைசித் தேர்வன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு நூல்களை, ஒன்று பெரியவர்களும் வாசிக்கத்தக்கதாக, வழங்கல் பதிவேட்டில் எழுதிக் கொடுத்து, திருப்பித் தரும் நாளாகப் பள்ளி திறக்கும் வாரத்தைக் குறித்துவிடுங்கள்.