பட்டன் இருக்கிறதென்று நம்பி நெடுஞ்சாலை ஏறாதீர்கள்: டயரை எப்படிப் பார்ப்பது

ஊருக்குக் கிளம்பும் முன் பெட்ரோல் பார்ப்போம், ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பார்ப்போம், டயரை மட்டும் காலால் ஒரு உதை விட்டுவிட்டு வண்டியில் ஏறிவிடுவோம். அந்த உதையில் எதுவும் தெரியாது. ரேடியல் டயரில் காற்று கணிசமாகக் குறைந்திருந்தாலும் காலுக்கு அது கல் மாதிரிதான் இருக்கும்.

கொஞ்சம் கவனமானவர்கள் பட்டனை, அதாவது ரோட்டில் உரசும் பகுதியில் பள்ளங்களுக்கு நடுவே எழும்பி நிற்கும் ரப்பர் கட்டிகளை, பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். பள்ளம் தேய்ந்த டயர் மழையில் தண்ணீரை வெளியே தள்ள முடியாமல் அதன்மேல் மிதந்துவிடும், அந்த நேரத்தில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பேச்சுக் கேட்காது. புது கார் டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும், சட்டப்படி 1.6-க்குக் கீழே போகக் கூடாது. அதைக் காட்டத்தான் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கின்றன (டயரின் ஓரத்தில் டிடபிள்யூஐ என்றோ சின்ன முக்கோணமோ போட்டிருக்கும், அதற்கு நேரே தேடுங்கள்). மேடும் பட்டனும் சமமாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். ஐப்பசி மழையில் அடிக்கடி வெளியூர் போகிறவர் என்றால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது.

ஆனால் பட்டன் முழுசாக இருக்கும் டயரும் வெடிக்கும். அதற்குத்தான் பக்கச்சுவரைப் பார்க்கச் சொல்கிறேன். குழியில் சக்கரம் டம்மென்று இறங்கும், வண்டி நேராகத்தான் ஓடும், நாமும் மறந்துவிடுவோம், சில நாள் கழித்துப் பார்த்தால் பக்கச்சுவரில் கோலிகுண்டு அளவுக்கு ஒரு புடைப்பு. உள்ளே டயரின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் நூல்கள் அந்த இடத்தில் அறுந்துவிட்டன, மீதி இருக்கும் ரப்பர்தான் மொத்தக் காற்றழுத்தத்தையும் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு ரிப்பேர் கிடையாது. "உள்ளே ஒரு பேட்ச் வைத்துவிடலாம் சார்" என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்டெப்னியை மாட்டிக்கொள்ளுங்கள். பக்கச்சுவரில் ஆழமான வெட்டு இருந்து நூலோ கம்பியோ தெரிந்தாலும் இதே கதைதான். ஒரு விஷயம்: வெளியே புடைக்காமல் மேலிருந்து கீழாக லேசாக உள்வாங்கிய கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். ரேடியல் டயரில் உள்ளே நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம் அப்படித்தான் தெரியும்.

இதையெல்லாம் வெளிப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்து, கைபேசி டார்ச்சை அடித்து, முன் டயர்களின் உள்விளிம்பைப் பாருங்கள். அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்ட வண்டியில் வெளியே பட்டன் ஜோராக இருக்கும், உள்ளே கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கும். அதனால் வெறுங்கையால் தடவ வேண்டாம், ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். பின் டயருக்குக் குனிந்துதான் ஆக வேண்டும்.

அப்புறம் வயசு. பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கம் அந்த எண் இல்லையென்றால் மறுபக்கம் இருக்கும். ஐந்தாறு வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒரு முறை கடையில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், பத்து வருடம் ஆகிவிட்டால் ஓடவே ஓடாத டயராக இருந்தாலும் வேண்டாம். டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான், அதை யாரும் பார்ப்பதில்லை.

காற்று விஷயத்தில் நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. வெயில் காலத்தில் டயர் வெடித்துவிடும் என்று காற்றைக் குறைத்து வைப்பார்கள். இது நேர் எதிர். காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிகிறது, அந்த மடக்கத்தில் சூடு ஏறுகிறது, சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கும் அடுக்குகளும் பிரிகின்றன. அமெரிக்காவில் 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் என்ற டயர் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றதே, பெரும்பாலும் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் டயரின் மேல்பகுதி உரிந்து வண்டி உருண்ட விபத்துகளால்தான். டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்களில்தான் அதிகம் நடந்தது. டயரில் குறை என்று ஃபோர்டும், ஃபோர்ட் சொன்ன 26 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதாது, வண்டியிலேயே குறை என்று ஃபயர்ஸ்டோனும் மாறி மாறிப் பழி போட்டுக்கொண்டார்கள். அந்த வருடம் அங்கே போட்ட சட்டத்தால்தான் அந்த நாட்டுப் புது கார்களில் டயர் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமானது.

ஆகவே டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த எண்ணைப் பாருங்கள், ஆள் நிறைய, சாமான் நிறைய என்றால் அதற்குத் தனி எண் இருக்கும். டயர் ஆறியிருக்கும்போது காற்றுப் பிடியுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு அளந்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடாதீர்கள். நைட்ரஜன் கிடைத்தால் அடியுங்கள், கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

பஞ்சர் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஓட்டை என்றால் ஒட்டலாம். வெளியிலிருந்து குத்தும் ஸ்ட்ரிப் அவசரத்துக்குச் சரி, நெடுந்தூரம் போக வேண்டுமானால் டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் மாதிரி, காம்பு ஓட்டையை அடைக்கும், தலை உள்ளே ஒட்டிக்கொள்ளும்) போடச் சொல்லுங்கள். தோள்பட்டையில், அதாவது பட்டன் முடிந்து வளைகிற இடத்தில், ஆணி ஏறினால் ஒட்டுவதில் அர்த்தமில்லை.

இரண்டு டயர்தான் வாங்க முடிகிறது என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். கடைக்காரர் முன்னால்தான் போடுவார், சண்டை போட்டாவது மாற்றுங்கள். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராக இழுக்கும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடி கிடைக்கும். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், சாதாரண டிரைவரால் அதைத் திருப்ப முடியாது.

இத்தனைக்குப் பிறகும் ஓடும்போது வெடித்துவிட்டால்: பிரேக்கை அமுக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நேராக வையுங்கள், ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், வேகம் தானாக இறங்கிய பிறகு லேசாகப் பிரேக் தொட்டு, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு ஓரம் ஒதுங்குங்கள். லாரி போகும் பக்கம் உட்கார்ந்து டயர் மாற்ற வேண்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் உருட்டிப் போய் அகலமான இடத்தில் நிறுத்துங்கள், ரிம் போனால் போகட்டும். குடும்பத்தை வண்டிக்குள் உட்கார வைக்காமல் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். மாட்டிய ஸ்டெப்னி மற்ற டயர்களைவிடச் சின்னதாக இருந்தால் 80-க்கு மேல் போகக் கூடாது, அதன்மேலேயே எழுதியிருக்கும்.

புடைத்த டயரைக் கடையில் விட்டுவிட்டு வரும்போது உங்கள் கண் முன்னால் பக்கச்சுவரில் கத்தியை இறக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாலிஷ் போட்டுப் பழைய டயர் கடையில் தொங்கும்.