சமிஸ்தாத் பிரதியொன்று கைக்கு வந்தால்

சோவியத் ஆட்சியில் தணிக்கைக்குத் தப்பிக் கைமாறிய எழுத்துகளைச் சமிஸ்தாத் என்பார்கள். மெல்லிய தாள்களுக்கு இடையே கார்பன் தாள் செருகி ஓங்கித் தட்டச்சிட்ட அத்தகைய பிரதியொன்று உங்கள் பொறுப்புக்கு வந்தால், அதை ஒழுங்குபடுத்தத் தொடங்குமுன், வந்த வரிசையிலேயே ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பின்பக்கங்கள் உட்பட, படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு துருப்பிடித்த ஊசிகளை மெல்ல அகற்றி, தாள்களை அமிலமற்ற உறையிலிட்டு, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஒட்டுநாடாவும் லேமினேஷனும் கூடவே கூடாது.

அடுத்து, அது எத்தனையாவது கார்பன் படி என்பதை எழுத்தின் மங்கலைக்கொண்டு மதிப்பிட்டுக் குறியுங்கள். தட்டச்சுப் பிழைகளைத் திருத்திப் படியெடுப்பதே இத்துறையில் நான் காணும் பெரிய தவறு. அச்சு மூலம் இல்லாத நூலில், ஒரே பிழை இரண்டு பிரதிகளில் தென்பட்டால், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்திருக்கலாம் என்பதற்கு அதுவே தடயம்.

தாளே இல்லாத பிரதிகளும் உண்டு. கவிஞர் அன்னா அக்மதோவா, ஸ்டாலின் காலக் கொடுமைகளைப் பாடிய தம் ‘ரெக்வியம்’ கவிதைகளைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டி, லிடியா சுகோவ்ஸ்கயா போன்ற தோழிகள் மனனம் செய்ததும் எரித்துவிடுவார். இவ்வாறு நினைவில் காக்கப்பட்டவற்றைப் பதிவுசெய்கையில், ஒருவர் சொன்ன பாடத்தை இன்னொருவர் சொன்னதோடு இணைத்துச் செம்மையாக்காமல், சொன்னவர், நாள் ஆகியவற்றுடன் தனித்தனியே வைக்க வேண்டும்.

எழுத்தாளருக்கெனத் தனிக் கோப்பு தேவை. கைதான நாள், சட்டப் பிரிவு, தண்டனை, முகாம் ஆகியவற்றை அதில் எழுதுங்கள்: 1966 பிப்ரவரியில் எழுத்தாளர்களான சின்யாவ்ஸ்கிக்கு 7 ஆண்டும் தானியேலுக்கு 5 ஆண்டும் விதிக்கப்பட்டது, சோவியத் எதிர்ப்புப் பிரச்சாரத்தைக் குற்றமாக்கிய 70ஆம் பிரிவின்கீழ். வழக்கு ஆவணங்களின் நாள்களை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விசாரணை வாக்குமூலம் அச்சுறுத்திப் பெறப்பட்டதாக இருக்கக்கூடும் என்பதால், அதன் அடைமொழிகளை உங்கள் குறிப்பில் உங்கள் சொல்லாக எழுதாதீர்கள். 1968 ஏப்ரலில் தொடங்கிய சமிஸ்தாத் இதழான ‘நடப்பு நிகழ்வுகளின் பதிவேடு’ கைதுகளையும் சோதனைகளையும் உணர்ச்சியற்ற நடையில் பதிந்ததால், ஒப்பிட்டுப் பார்க்க உகந்தது. செய்தி அனுப்ப விரும்புவோர், இதழைத் தமக்குத் தந்தவரிடமே கொடுக்க வேண்டும், சங்கிலி முழுவதையும் துப்பறியக் கூடாது, இல்லையேல் உளவாளியாக எண்ணப்படுவீர்கள் என்று அது வாசகரை எச்சரித்தது!

அந்த எச்சரிக்கை இன்றைய பாதுகாவலருக்கும் ஓரளவு பொருந்தும். ஓரங்களில் உள்ள பெயர்களையும் முகவரிகளையும் உரியவரின் அல்லது குடும்பத்தினரின் இசைவின்றி வெளியிடாதீர்கள்.

ஒரே இடத்தில் எதையும் வைக்காதீர்கள். 1961 பிப்ரவரியில் வசீலி கிராஸ்மனின் ‘வாழ்வும் விதியும்’ நாவலைக் கைப்பற்ற வந்த சோவியத் உளவுத்துறையான கேஜிபியினர் கார்பன் தாள்களையும் தட்டச்சு நாடாக்களையும்கூட அள்ளிச் சென்றனர். ஆனால் நண்பர் லிப்கினிடம் ஒப்படைத்த படி தப்பியதால், ஆசிரியர் இறந்து 16 ஆண்டுகள் கழித்து, 1980இல் அது சுவிட்சர்லாந்தில் அச்சேறியது. சோவியத் அடக்குமுறை குறித்த ஆவணங்களைத் திரட்டிவந்த ‘மெமோரியல்’ அமைப்பைக் கலைக்க ரஷ்ய உச்சநீதிமன்றம் 2021 டிசம்பரில் ஆணையிட்டதையும் கருதி, எண்மப் படிகளில் ஒன்றையாவது வேறொரு நாட்டுக் காப்பகத்தில் சேர்ப்பியுங்கள். பிரெமென் பல்கலைக்கழகத்தின் கிழக்கு ஐரோப்பிய ஆய்வு மையமும் புடாபெஸ்டின் திறந்த சமூகக் காப்பகமும் இத்தகைய தொகுப்புகளைப் பேணுகின்றன. அனுப்பும்போது பிரதி உங்களிடம் வந்த வழியை எழுதிய தாளையும் உடன் வையுங்கள்.