போர்க்காலத் தீயணைப்புப் பெண்கள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண்கள் சேர்ந்து தீயணைப்புக் குழாயைப் பிடித்திருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ‘பேர்ல் துறைமுகம், 1941 டிசம்பர் 7’ என்று போட்டுப் பகிர்கிறார்கள். ஹவாயில் இருக்கும் அந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கிய நாள் அது. இடம் சரி, நாள் தவறு. அங்கே வேலை பார்த்த பெண்கள் தாக்குதலுக்குப் பிறகு பயிற்சி எடுத்தபோது எடுத்த படம் அது. படத்தில் இருந்தவர்களில் ஒருவரே 2011-இல் இதைத் தெளிவுபடுத்திவிட்டார். பயிற்சிப் படம் என்றே போடுங்கள், அதில் அவர்களுக்கு எந்தக் குறைவும் இல்லை.

பிரிட்டனைப் பற்றி எழுதும்போது இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். பெண்களும் ஆண்களைப் போலவே தீயோடு நேரடியாகப் போராடினார்கள் என்பது ஒன்று. 1938-இலிருந்து துணைத் தீயணைப்புப் படையில் (வழக்கமான தீயணைப்புப் படைக்கு உதவியாகப் போருக்கென்று அமைத்த படை) சேர்ந்த பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது கட்டுப்பாட்டு அறை, வண்டி ஓட்டுதல், மோட்டார் சைக்கிளில் தகவல் கொண்டுபோதல் ஆகிய வேலைகள்தான். அப்படியானால் பத்திரமான வேலை என்று முடிவுகட்டுவது இன்னும் பெரிய தவறு. தண்ணீர் இறைக்கும் பம்புகள் பெட்ரோலில் ஓடின. அதை யாராவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். 1940 செப்டம்பரில் லண்டனின் பெர்மண்ட்சியில் ஆறு இடங்களில் பெருந்தீ. ஜெர்மன் விமானங்களின் குண்டு விழுந்துகொண்டிருக்க, துணைப்படைப் பெண் கில்லியன் டானர் 150 காலன் பெட்ரோல் ஏற்றிய லாரியை மூன்று மணி நேரம் ஒவ்வொரு தீயிடத்துக்கும் ஓட்டிப்போனார். துணிச்சலுக்கான ஜார்ஜ் பதக்கம் பெற்றார். ஒரு தீப்பொறி போதாதா?

சீருடை போட்டவர்களை மட்டும் கணக்கில் எடுப்பதும் சரியல்ல. 1942-இல் 20 முதல் 45 வயதுவரையுள்ள பெண்களுக்குத் தீக்காவல், அதாவது தீக்குண்டுகள் விழுகின்றனவா என்று கண்காணித்து அணைக்கும் வேலை, கட்டாயமானது. அவர்கள் கற்றுக்கொண்டது வாளியில் வைத்து அடிக்கும் கைப்பம்பு. ஒருவர் காலால் அதை மிதித்துப் பிடித்துக்கொண்டு அடிப்பார், ஒருவர் தண்ணீர் சுமப்பார், ஒருவர் புகைக்குக் கீழே தரையோடு ஊர்ந்து குழாய்முனையைக் கொண்டுபோவார். எரியும் மக்னீசியத் தீக்குண்டின் மேல் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் அது வெடித்துச் சிதறும். அதனால் குண்டுக்குத் தூறல், சுற்றிப் பரவும் தீக்குத் தாரை. ‘வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள்’ என்று ஒரே வரியில் முடித்தால் இந்தத் திறமை முழுக்கக் காணாமல் போய்விடுகிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அப்புறம், சமத்துவம் அன்றே வந்துவிட்டதாக எழுதாதீர்கள். துணைப்படையில் முழுநேர ஆணுக்கு வாரம் 3 பவுண்டு, பெண்ணுக்கு 2. லண்டன் தீயணைப்புப் படை முதல் முழுநேரப் பெண் வீரரைச் சேர்த்தது 1982-இல்.