சைனஸ் அடிக்கடி வருகிறது, ஆன்டிபயாடிக்கோ வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை: என்ன செய்யலாம்?

மூக்கடைத்து, முகம் பாரமாகி, சளி மஞ்சளானதும் மருந்துக்கடையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மூன்று மாத்திரை வாங்கிப் போடுவது பலருக்கும் பழக்கம். முதலில் விடவேண்டியது இதைத்தான். வைரஸ் சளியும் மஞ்சளாகும், பச்சையாகும். நிறத்தை வைத்து பாக்டீரியா என்று முடிவு கட்ட முடியாது. அசித்ரோமைசினுக்கு மசியாத சைனஸ் பாக்டீரியாக்கள் இப்போது ஏராளம். போதாததற்கு அது குடலையும் முறுக்கிவிடும்.

ஆன்டிபயாடிக் தேவையா என்று டாக்டரிடம் கேட்க வேண்டிய நேரங்கள் மூன்று: 10 நாளாகியும் துளியும் குறையாதபோது, குறைந்துவந்த தொல்லை ஐந்தாறு நாளில் மறுபடி ஏறும்போது, 102 டிகிரி காய்ச்சலும் சீழ்ச்சளியும் முகவலியும் மூன்று நாலு நாள் விடாமல் இருக்கும்போது. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிதல், கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி என்றால் நாள் எண்ணாமல் அன்றே ஆஸ்பத்திரி. சர்க்கரை நோயாளிக்கு மூக்கில் கருப்புப் பொருக்கு தெரிந்தாலும் அப்படித்தான்.

மாத்திரை போட்டே ஆகவேண்டும் என்றால்

பெரும்பாலும் எழுதித் தருவது அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் 625. அட்டையின் பின்புறம் பாருங்கள்: 500 + 125 என்று இருக்கும். வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணம் அந்த 125, அதாவது கிளாவுலனேட். வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பாட்டின் முதல் கவளத்தோடு விழுங்குங்கள். 625 கிடைக்கவில்லை என்று இரண்டு 375 போடுவது பெரிய தவறு. 375 என்பது 250 + 125. இரண்டு போட்டால் கிளாவுலனேட் 250 ஆகிவிடும், வயிறு கலங்காமல் என்ன செய்யும்?

டாக்டரிடம் இவற்றைக் கேட்கலாம்: 625 மூன்று வேளைக்குப் பதில் 875 + 125 இரண்டு வேளை போதுமா? (நாளுக்கு 375 மி.கி. கிளாவுலனேட் 250 ஆகக் குறையும்.) 5 முதல் 7 நாளில் நிறுத்தலாமா? டாக்ஸிசைக்ளின் பொருந்துமா? டாக்ஸிசைக்ளின் என்றால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். பால், கால்சியம், இரும்பு மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது.

மதியம் தயிர்சாதம் நல்லதுதான். புரோபயாடிக் (குடலுக்கு நல்ல நுண்ணுயிர்) கேப்ஸ்யூலை ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். புரோபயாடிக்கிலேயே சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்பது ஈஸ்ட் வகை என்பதால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. ஆனால் எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் அதைத் தொட வேண்டாம். போக்கு இருந்தால் ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சி. போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் தண்ணீராகப் போனாலோ, ரத்தம், காய்ச்சல், கடும் வயிற்றுவலி இருந்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். ஆன்டிபயாடிக்கால் வரும் குடல் தொற்று, கோர்ஸ் முடிந்து சில வாரம் கழித்தும் தலைகாட்டும்.

மூக்கு கழுவுதல்

ஆன்டிபயாடிக் தேவையைக் குறைக்க வீட்டிலேயே செய்யக்கூடியதில் முதலிடம் இதற்குத்தான். தண்ணீர் தளதளவென்று குறைந்தது ஒரு நிமிடம் கொதித்து, வெதுவெதுப்பாக ஆறியிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதையும் கொதிக்க வைக்காமல் மூக்கில் விடாதீர்கள். கேரளத்தில் 2024, 2025-இல் பலரைத் தாக்கிய மூளைத்தொற்று அமீபா பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது.

240 மி.லி.க்கு 2 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஒரு சிட்டிகை ஆப்பசோடா. அயோடின் கலக்காத சுத்தமான உப்பு நல்லது. மருந்துக்கடை பாக்கெட் இன்னும் சுலபம். வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேல்பக்க நாசியில் மூக்கு கழுவும் பாட்டிலின் முனையை வைத்து மெல்ல அழுத்துங்கள். கீழ்ப்பக்க நாசியில் முதலில் தெளிந்த நீர் ஒழுகும், பிறகு கயிறு போல் சளி வரும். எரிந்தால் உப்பு அளவு தப்பு. காது அடைத்தால் அழுத்தம் அதிகம். முடித்ததும் நாசியைப் பொத்தாமல் மெதுவாகச் சிந்துங்கள். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். உள்ளே நின்ற நீர் தொண்டையில் இறங்கும். பாட்டிலைக் கழுவிக் காயவைக்க மறக்காதீர்கள்.

டாக்டர் தந்த ஸ்டீராய்டு ஸ்ப்ரே இருந்தால் 10 நிமிடம் கழித்து அடியுங்கள். வலதுகையால் இடது நாசி, இடதுகையால் வலது நாசி. முனை காதுப்பக்கம் பார்க்க வேண்டும். இரு நாசிக்கும் நடுவிலுள்ள தண்டில் அடித்தால் ரத்தம் கசியும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகலாம், நாலாம் நாளே கைவிடாதீர்கள். அடைப்பை நொடியில் திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து வேறு. அதை மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

வருடத்தில் நாலு தடவைக்கு மேல் வந்தால்

ஈ.என்.டி. டாக்டரிடம் போங்கள். எண்டோஸ்கோபியில் (மூக்குக்குள் சிறு கேமரா விட்டுப் பார்ப்பது) பாலிப் எனும் சதை வளர்ச்சி, வளைந்த நடுத்தண்டு, ஒவ்வாமை வீக்கம் தெரியும். அங்கிருந்தே சீழ் எடுத்து கல்ச்சருக்கு (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினால் எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துவிடும். ஒரே பக்கம் மட்டும் நாறும் சளி என்றால் மேல் கடைவாய்ப் பல்லையும் காட்டுங்கள். வேரிலிருக்கும் சீழ் சைனஸுக்குள் இறங்கலாம். போகும்போது ஒரு தாளில் இதுவரை போட்ட மருந்தின் பெயர், அளவு, எத்தனையாம் நாள் என்ன ஆனது என்று எழுதிக்கொண்டு போங்கள். வயிற்றுப்போக்கை "அலர்ஜி" என்று எழுதாதீர்கள். தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சுத்திணறல்தான் அலர்ஜி. தவறாக எழுதினால் நல்ல மருந்து ஒன்று உங்களுக்கு நிரந்தரமாக இல்லாமல் போகும்.